கோழிக் காய்கறி சூப்புக்கு எது சரி: கிரீமா, டின் பாலா, தேங்காய்ப்பாலா?

இரண்டு மாதத்துக்கு முன் அத்தைக்குக் கடைவாய்ப் பல் இரண்டைப் பிடுங்க வேண்டியதாகிவிட்டது. ஒரு வாரத்துக்கு எதையும் மென்று சாப்பிட முடியாது. இரண்டு நாள் கஞ்சி குடித்தார். மூன்றாம் நாள் காலையில், “அந்த ஹைலாம் கடையில குடிச்சோமே, வெள்ளையா, கெட்டியா, அந்த மாதிரி ஒரு கோழி சூப் வச்சுக் குடும்மா” என்றார். ஹைலாம் கடை என்றால் ஹைனான் தீவிலிருந்து வந்த சீனர்கள் நடத்துகிற சாப்பாட்டுக் கடை. அங்கே குடித்துவிட்டு வந்த இரவு வயிறு உப்பித் தூக்கம் கெட்டதையும் அவரே சொன்னார். பால் அவருக்கு ஒத்துக்கொள்ளாது.

எங்கள் வீடு பினாங்கில், ஜெலுத்தோங்கில். அடுப்பில் ஏறுவது ஒரே பானை, குடிப்பது நான்கு பேர். ஏழு வயது மகனுக்குக் காய்கறித் துண்டு கண்ணில் பட்டாலே கரண்டி கீழே போய்விடும். வீட்டுக்காரர் மிச்சத்தை மறுநாள் வேலைக்கு எடுத்துப் போவார், அதனால் சூடுபடுத்தினால் கெடாமல் இருக்க வேண்டும். இந்த மூன்று பேரையும் மனத்தில் வைத்துக்கொண்டு, அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் ஒரே மாதிரிக் கோழிச்சாறு காய்ச்சி, ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு விதமாக முடித்துப் பார்த்தேன். வெண்ணெயில் வறுத்த மாவு, கிரீம், டின் பால், தேங்காய்ப்பால், முந்திரி, கடைசியில் வெந்த காய்கறியையே அரைத்து ஊற்றுவது. ஆறு வாரம் ஆயிற்று. வீட்டில் இப்படி ஒரு சூப் வைக்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்கு இது உதவும்.

முதலில் நான் தவறாக நினைத்திருந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கிரீம் சூப் என்றால் கிரீம் ஊற்றினால் கெட்டியாகிவிடும் என்றுதான் வெகு நாள் நம்பியிருந்தேன். ஒரு லிட்டர் சாற்றில் 100 மில்லி கிரீம் ஊற்றிப் பாருங்கள். வெள்ளையாகும், வாசமாகும், ஆனால் கரண்டியில் எடுத்தால் தண்ணீர் மாதிரிதான் ஓடும். கெட்டி என்பது மாவுச்சத்து செய்கிற வேலை. நாக்கில் வழுக்கிக்கொண்டு இறங்குகிற அந்த மென்மை கொழுப்பு செய்கிற வேலை. கெட்டி வேறு, வழுவழுப்பு வேறு. இரண்டுக்கும் ஒரே பொருளைத் தேடினால் ஒன்று களியாகிவிடும், இல்லையென்றால் திகட்டிவிடும். இது புரிந்த பிறகு எனக்குப் பாதி குழப்பம் தீர்ந்தது.

சாறு சரியில்லை என்றால் மேலே எதை ஊற்றினாலும் பயனில்லை. எலும்போடு கோழித்தொடை 800 கிராம், கூடவே சந்தைக் கோழிக்காரரிடம் கேட்டு வாங்கிய எலும்புக்கூடு ஒன்று, ஒன்றரை லிட்டர் தண்ணீர். 2023 நவம்பர் 1 அன்று அரசாங்கம் கோழிக்கான மானியத்தையும் விலைக் கட்டுப்பாட்டையும் எடுத்துவிட்டது. அதுவரை தீபகற்ப மலேசியாவில் கிலோ 9.40 ரிங்கிட்டுக்கு மேல் விற்க முடியாது. இப்போது கடைக்குக் கடை, வாரத்துக்கு வாரம் விலை மாறுகிறது. ஆனால் எலும்புக்கூடு இன்றைக்கும் மலிவுதான், சூப்புக்கு உயிர் கொடுப்பதும் அதுதான். தொடையும் எலும்பும் மெல்லிய கொதியில் நாற்பது நிமிடம் இருந்தால் போதும். பிறகு தொடையை வெளியே எடுத்து, ஆறியதும் சதையை விரலால் உதிர்த்துக்கொள்வேன். நெஞ்சுக்கறியை இவ்வளவு நேரம் வைத்தால் பஞ்சு மாதிரி ஆகிவிடும், அதைப் பதினைந்து நிமிடத்தில் எடுத்துவிட வேண்டும். கம்பத்துக் கோழியின் (நாட்டுக்கோழிதான்) சாறு அபாரமாக இருக்கும், ஒன்றரை மணி நேரம் வேக வேண்டும், சதையும் கெட்டி. பல் பிடுங்கியவருக்கு அது வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

சரி, முதல் வாரம் வெண்ணெயும் மாவும். மேல்நாட்டுச் சமையலில் இதுதான் பழைய வழி. பினாங்குக்கு இதைக் கொண்டுவந்து பழக்கியவர்கள் ஹைனான் தீவிலிருந்து வந்தவர்கள் என்று சொல்ல வேண்டும். வெள்ளைக்காரர் வீடுகளிலும் கப்பல்களிலும் சமையல் வேலை பார்த்தவர்கள் அவர்கள். அங்கே கற்றுக்கொண்டதைச் சோயா சாஸோடும் வெங்காயத்தோடும் சேர்த்துத் தங்கள் கையில் ஒரு சமையலாக வளர்த்தெடுத்தார்கள். சிக்கன் சாப், சிக்கன் பை எல்லாம் அந்த அடுப்பிலிருந்து வந்தவை. அத்தை கேட்ட சூப்பும் அந்த வம்சம்தான்.

ஒரு லிட்டர் சாற்றுக்கு 50 கிராம் வெண்ணெய், 50 கிராம் மைதா. சட்டியை இளஞ்சூட்டில் வைத்து வெண்ணெயை உருக்கி, மாவைக் கொட்டி, மரக்கரண்டியால் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் ஈர மணல் மாதிரி உதிரும், பிறகு கூழாகும், ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழ் கிளம்பும். இரண்டு மூன்று நிமிடத்தில் வாசம் மாறும். பச்சை மாவு வாசம் போய், பிஸ்கட் சுடுகிற கடை வழியாக நடந்தால் வருமே, அந்த வாசம் வரும். அந்த நேரத்தில் சாற்றை ஒரு கரண்டி ஊற்றுங்கள். மாவு சட்டென்று உருண்டு கட்டியாகும், பயப்படாமல் கிளறுங்கள், வழுவழுப்பாகும். அப்புறம் அடுத்த கரண்டி. மூன்று நான்கு கரண்டி போனபின் மீதியை மொத்தமாக ஊற்றலாம். அதன் பிறகு பத்து நிமிடம் கொதித்தால்தான் மாவு முழுதாக வெந்து நாக்கில் ஒட்டாமல் இருக்கும்.

அந்த முதல் வாரம் நான் மாவை 75 கிராம் போட்டுவிட்டேன். அத்தை இரண்டு வாய் குடித்துவிட்டு, “ருசி நல்லா இருக்கு, ஆனா கஞ்சி மாதிரி நிக்குதும்மா” என்றார். ஆறியதும் மேலே ஏடு கட்டியது. மறுநாள் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்தபோது கரண்டி நட்டுக்கொண்டு நின்றது. கொஞ்சம் சாறு ஊற்றிச் சூடாக்கினால் பழையபடி இளகிவிடும், அது இந்த வழியின் நல்ல குணம். வயிற்றுக்கும் இது தொந்தரவில்லை. வெண்ணெயில் பால் சர்க்கரை மிகமிகக் குறைவு, பால் ஒத்துக்கொள்ளாத பலர் அதைத் தாங்கிக்கொள்வார்கள். குறை என்னவென்றால், இது கெட்டியைத் தருகிறது, வெள்ளையையும் மென்மையையும் பாதிதான் தருகிறது. அதற்காகக் கடைசியில் பாலோ கிரீமோ ஊற்றத்தான் வேண்டியிருக்கிறது.

கிரீம் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. சமையல் கிரீமும், அடித்து நுரைக்க வைக்கிற கிரீமும் இரண்டுமே பெரிய கடைகளில் கிடைக்கின்றன. பின்னதில் கொழுப்பு 35 விழுக்காடு அளவுக்கு இருக்கும், அதனால் கொஞ்சம் கொதித்தாலும் திரியாது. ருசி நிச்சயம் பிரமாதம். ஆனால் ஊற்றிய நிமிடமே கோழியின் வாசம் பின்னுக்குப் போய்விட்டது. நாற்பது நிமிடம் காய்ச்சிய சாற்றை ஒரு போர்வைக்குள் சுருட்டி வைத்த மாதிரி இருந்தது. விலையும் கூடுதல், பிரித்த பெட்டியை நான்கைந்து நாளில் தீர்க்க வேண்டும். நான்கு பேர் உள்ள வீட்டில், மாதம் ஒரு முறை செய்கிற சூப்புக்குக் கிரீம் அவசியம் என்று எனக்குத் தோன்றவில்லை. விருந்தாளி வந்தால் வேறு கதை.

டின் பால்தான் என்னை ஆச்சரியப்படுத்தியது. தேநீர்க் கடைகளில் தே சி போடுவதற்கு ஊற்றுகிறார்களே, அந்த இனிப்பில்லாத சுண்டிய பால். பாலிலிருந்து ஏறக்குறைய 60 விழுக்காடு தண்ணீரை வற்ற வைத்து, டின்னில் அடைத்து, உயர் சூட்டில் பதப்படுத்தியது. அந்தச் சூட்டில்தான் அந்த இளமஞ்சள் நிறமும், லேசான காய்ச்சிய வாசமும் வருகிறது. திரிந்துபோகாமல் இருக்க உப்புச் சேர்மானமும் அதில் உண்டு. அதனால் சாதாரணப் பால் கொதிக்கிற சூப்பில் சில நேரம் திப்பி திப்பியாகப் பிரிவதுபோல் இது பிரிவதில்லை. கொழுப்பு கிரீமில் இருப்பதைவிட மிகக் குறைவு. ஒரு லிட்டர் சாற்றுக்கு 150 மில்லி ஊற்றினேன். வெள்ளை வந்தது, மென்மை வந்தது, கோழியும் முன்னாலேயே நின்றது. ஹைலாம் கடைச் சூப்பின் ருசி இதில்தான் கிட்டத்தட்ட வந்தது.

ஆனால் டின்னை எடுக்கும்போது எழுத்தைப் படிக்க வேண்டும். அலமாரியில் அடுத்தடுத்து நிற்கிற டின்கள் எல்லாம் ஒன்றல்ல. ‘சூசு செஜாட்’ என்றால் சுண்டிய பால். ‘கிரிமர் செஜாட்’ என்றால் பால் கொழுப்புக்குப் பதிலாகச் செம்பனை எண்ணெய் சேர்ந்தது. அதுவும் சூப்பில் திரியாது, விலையும் குறைவு, ஆனால் ருசி தட்டையாக இருக்கும். ‘மானிஸ்’ என்ற சொல் எங்கேயாவது இருந்தால் அது இனிப்பு டின், தே தாரிக்குக்கு ஊற்றுவது. வீட்டுக்காரரைக் கடைக்கு அனுப்பியபோது ஒரு முறை அதைத்தான் கொண்டுவந்தார். ஊற்றுவதற்கு முன் ஒரு சொட்டு நக்கிப் பார்த்ததால் பானை பிழைத்தது. நீங்களும் டின்னைத் திறந்ததும் ஒரு சொட்டு ருசி பாருங்கள், அவசரத்தில் எல்லா டின்னும் ஒரே மாதிரி தெரியும்.

டின் பாலுக்கு ஒரே குறை, அத்தை. பாலைச் சுண்ட வைத்தால் பால் சர்க்கரையும் சேர்ந்துதான் செறிவாகிறது. அந்த வாரம் அவர் அரைக் கிண்ணத்தோடு நிறுத்திக்கொண்டார்.

அதனால் நான்காம் வாரம் தேங்காய்ப்பால். நம் வீட்டில் எப்போதும் இருப்பது, பால் சர்க்கரை அறவே இல்லை, வெள்ளைக்கு வெள்ளை, கொழுப்புக்குக் கொழுப்பு. இதுவே போதுமே, ஏன் டின்னைத் தேட வேண்டும் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். சந்தையில் கண் முன்னால் துருவி இயந்திரத்தில் பிழிந்து கொடுக்கிற சந்தான் (தேங்காய்ப்பால்தான்) அரைக் கிலோ வாங்கி வந்தேன். காலை பத்து மணிக்கு வாங்கினால் மத்தியானத்துக்குள் அடுப்பில் ஏற்றிவிட வேண்டும், நம் ஊர் வெயிலுக்குச் சீக்கிரம் புளித்துவிடும்.

சாறு தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தபோது ஊற்றினேன், ஊற்றிவிட்டு மகனைக் குளிக்க வைக்கப் போனேன். ஐந்தாறு நிமிடம்தான். திரும்பி வந்து மூடியைத் திறந்தால் மேலே எண்ணெய் வட்டம் வட்டமாக மிதக்கிறது, அடியில் வெள்ளைத் துணுக்குகள், நடுவில் சாம்பல் நிறத் தண்ணீர். தேங்காய்ப்பாலில் எண்ணெயையும் நீரையும் பிடித்து வைத்திருப்பது அதிலுள்ள கொஞ்சம் புரதம்தான். கடுமையாகக் கொதித்தால் அந்தப் பிடி விட்டுப்போகும். நம் பாட்டிமார்கள் குழம்பில் தலைப்பாலைக் கடைசியில் ஊற்றி, ஒரு கொதி வருவதற்குள் இறக்கச் சொன்னது இதற்காகத்தான். எனக்குத் தெரிந்த விஷயம்தான், சூப் என்றதும் மறந்துபோனேன். பெட்டியில் வருகிற தேங்காய்ப்பாலில் பிரியாமலிருக்கச் சேர்மானம் இருப்பதால் அது இன்னும் கொஞ்சம் தாங்கும்.

மறுபடி செய்தபோது அடுப்பை அணைத்துவிட்டு ஊற்றினேன். பிரியவில்லை, அழகாகத்தான் இருந்தது. ஆனால் குடித்துப் பார்த்தால் அது சூப் இல்லை, சொதி. செலரியும் மிளகும் போட்ட சொதி. தப்பே இல்லை, அத்தை மிகவும் விரும்பிக் குடித்தார், வயிற்றுக்கும் ஒன்றும் செய்யவில்லை. அடுத்த முறை செலரியை விட்டுவிட்டு, ஒரு தண்டு செராயும் (எலுமிச்சம்புல்தான்) இரண்டு துண்டு இஞ்சியும் போட்டால் இன்னும் பொருத்தமாக இருக்கும். ஆனால் கோழியும் வெண்ணெயும் மிளகும் மணக்கிற அந்த வெள்ளைச் சூப் வேண்டுமென்றால், தேங்காய்ப்பால் அதைத் தராது. தேங்காய் எங்கே போனாலும் தன் பெயரைச் சொல்லிக்கொண்டுதான் போகும்.

முந்திரியும் அப்படித்தான். லிட்டில் இந்தியாவில், நம்மவர்கள் கடைத்தெரு என்று சொல்கிற லெபு பாசாரில் வாங்கிய பருப்பு, 40 கிராம். சுடுநீரில் இருபது நிமிடம் ஊற வைத்து மைய அரைத்து ஊற்றினேன். கெட்டி, வழுவழுப்பு இரண்டையும் ஒரே பொருள் தருவது இது ஒன்றுதான். பாலும் இல்லை. கொதிக்கக் கொதிக்க இறுகும் என்பதால் அடிப்பிடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் மகன் முதல் வாயிலேயே, “அம்மா, குருமாவுக்கு ரொட்டி எங்கே?” என்று கேட்டான். கொட்டை ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் வருகிற வீட்டில் சொல்லாமல் செய்யவும் கூடாது. முந்திரியை விட்டுவிட்டேன்.

சோள மாவைக் கரைத்து ஊற்றலாமே என்று தோழி ஒருத்தி கேட்டாள். ஊற்றலாம். சீனக் கடைகளில் கிடைக்கிற ஜாகோங் (சோளம்) சூப் மாதிரி பளபளப்பாக வரும். மறுநாள் சூடாக்கிக் கிளறினால் நீர்த்துப்போகும், வீட்டுக்காரரின் டப்பாவுக்கு ஆகாது.

ஆறாவது வாரம் வந்து சேர்ந்த இடம்தான் இப்போது எங்கள் வீட்டு வழக்கம். சாற்றில் வேகிற காய்கறியையே எடுத்து அரைத்துத் திரும்ப ஊற்றுவது. நடுத்தர உருளைக்கிழங்கு இரண்டு, கேரட் ஒன்று, பெரிய வெங்காயம் ஒன்று, லீக்ஸ் ஒரு தண்டு, செலரி இரண்டு தண்டு, காலிஃப்ளவர் ஒரு கைப்பிடி. லீக்ஸும் செலரியும் கேமரன் மலையிலிருந்து வருவது நன்றாக இருக்கும். வெங்காயத்தையும் லீக்ஸையும் முதலில் 20 கிராம் வெண்ணெயில், நிறம் மாறாமல், பத்து நிமிடம் வதக்க வேண்டும். இதை அவசரப்படுத்தக் கூடாது. வெங்காயம் கண்ணாடி மாதிரியாகி இனிப்பு இறங்கினால்தான், பிற்பாடு பால் குறைவாக ஊற்றினாலும் சூப் நிறைவாக இருக்கும்.

அரைப்பதில் ஒரு கவனம் வேண்டும். உருளைக்கிழங்கை மிக்ஸியில் விட்டு ஓடவிட்டால் அதன் மாவுச்சத்து முழுதாக வெளியே வந்து பசையாகிவிடும், கரண்டியைத் தூக்கினால் இழுபடும். அதனால் உருளைக்கிழங்கை மட்டும் மத்தால் மசித்துக்கொள்கிறேன். மற்ற காய்கறிகளையெல்லாம் இரண்டு கரண்டி சாறோடு மிக்ஸியில் அரைக்கிறேன். சூடாக இருக்கும்போது மூடியை இறுக்கி அரைத்தால் ஆவி மூடியைத் தள்ளிவிடும், கொஞ்சம் ஆறவிடுங்கள். கேரட் ஒன்றுக்கு மேல் போனால் சூப் மஞ்சளாகிவிடும். பரங்கிக்காய் போட்டாலும் கெட்டி நன்றாக வரும், ஆனால் இனிப்பு தூக்கலாகி வேறு சூப் ஆகிவிடும்.

இந்த அரைத்த காய்கறியிலேயே கெட்டி வந்துவிடுகிறது. மாவு வேண்டாம். மகனுக்குத் துண்டு எதுவும் தெரிவதில்லை, காலிஃப்ளவர் குடிக்கிறோம் என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது. கெட்டிக்கு வழி கிடைத்துவிட்டதால் வழுவழுப்புக்கு மட்டும் கொஞ்சம் கொழுப்பு போதும். 150 மில்லி ஊற்றிய டின் பால் இப்போது 80 மில்லியாகக் குறைந்துவிட்டது. அதுவும் பானையில் ஊற்றுவதில்லை. இதுதான் எங்களுக்குப் பெரிய வசதியாகப் போயிற்று. பாலில்லாத சூப்பைப் பானையில் நிறுத்திவிட்டு, அத்தைக்குத் தனியாக எடுத்துக்கொண்டு, பிறகு அவரவர் பங்குக்கு வேண்டியதை ஊற்றலாம். அத்தையின் கிண்ணத்துக்குக் கெட்டித் தேங்காய்ப்பால் ஒரு மேசைக்கரண்டி. அந்த அளவில் அது சொதியாவதில்லை, பின்னாலிருந்து லேசாக மட்டும் தெரிகிறது.

மிச்சம் வைப்பதற்கும் இதுவே நல்லது. பால் சேராத சூப்பை அகலமான பாத்திரத்தில் ஊற்றி ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தால் மூன்று நாள் நன்றாக இருக்கும். பெரிய பானையோடு அப்படியே இரவு முழுக்க அடுப்பில் விட்டுவிடாதீர்கள், பினாங்குச் சூட்டில் கோழிச்சாறு அதற்குத் தாங்காது. உறைய வைப்பதாக இருந்தால் உருளைக்கிழங்கைக் குறைத்துக் காலிஃப்ளவரைக் கூட்டுங்கள். உறைந்து இளகிய உருளைக்கிழங்கு நாக்கில் மணல் மாதிரி தட்டும்.

ஆக, யாருக்கு எது என்று கேட்டால் என் பதில் இதுதான். பால் எல்லோருக்கும் ஒத்துக்கொள்கிற வீடு, சாறு தயாரானபின் அரை மணி நேரத்தில் முடிக்க வேண்டும் என்றால், 40 கிராம் வெண்ணெய், 40 கிராம் மாவு, முடிவில் டின் பால். பால் கூடவே கூடாது, சூப் நம் ஊர் ருசியில் இருந்தாலும் பரவாயில்லை என்றால் தேங்காய்ப்பால், அடுப்பை அணைத்தபின். எங்கள் வீடு மாதிரி ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வயிறு என்றால், அரைத்த காய்கறி. நேரம் இருபது நிமிடம் கூடுதலாகப் பிடிக்கும், கழுவுவதற்கு மிக்ஸி சேரும். எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை.

பரிமாறும்போது உதிர்த்த கோழியைத் திரும்பப் போட்டு, வெள்ளை மிளகுத்தூள் தூவி, கடைசியில் ஜாதிக்காயை நேராகக் கிண்ணத்தின் மேலேயே இரண்டு இழுப்புத் துருவுவேன். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரர்கள் மலுக்கு தீவுகளிலிருந்து கன்று கொண்டுவந்து நட்டதிலிருந்து ஜாதிக்காய் நம் தீவின் பொருளாகிவிட்டது, பாலிக் பூலாவ் பக்கம் போனால் இன்றைக்கும் மரத்தில் தொங்குவதைப் பார்க்கலாம். தூளாக வாங்கினால் வாசம் பாதி போயிருக்கும், முழுக்காயாக வாங்கி வையுங்கள். பல் புண் ஆறிவிட்டது. போன சனிக்கிழமை அத்தை கிண்ணத்தை நீட்டி, “இந்த வாரம் ரொட்டியும் கொஞ்சம் வாட்டிக் குடும்மா, தொட்டுச் சாப்பிடறேன்” என்றார்.